பம்பரத்தின் கையெழுத்து

மார்ச் 2, திங்கள்

சுரங்கத்துக்கு விளக்குப் போடப் போன அம்மாவுக்கு,

நீ போய்ப் பத்து நாளாகிறது. முகாமில் சிக்னல் இல்லை, அலுவலகத்தில் இருக்கிற ஒரே ஃபோனும் உயிர் போகிற அவசரத்துக்கு மட்டும் என்று சொல்லிவிட்டாய். ஆகவே செவ்வாய்க்கிழமை சாமான் வண்டியில் வெங்காய மூட்டைக்கும் வயர்ச் சுருளுக்கும் நடுவில் இந்தக் கடிதம் வரும். படிக்கும்போது கண்ணில் நீர் வந்தால் அது வெங்காயம். என் எழுத்தென்று நினைத்து ஏமாறாதே.

கிளம்புகிற அன்று நீ வாசலில் சொன்னது இன்னும் காதிலேயே உட்கார்ந்திருக்கிறது. "உன்னையே பார்த்துக்கத் தெரியாது உனக்கு. உன்கிட்ட அவளை விட்டுட்டுப் போறேன் பாரு, என்னைச் சொல்லணும்." அதையும் வண்டி டிரைவர் முன்னால் சொன்னாய். பதினாறு வயதில் எனக்கும் கொஞ்சம் மானம் இருக்கிறது, அம்மா. அதிகமில்லை, ஒரு டீஸ்பூன்.

அப்பா மதியம் பஸ் எடுக்கப் போனால் தங்கச்சி தூங்கிய பிறகுதான் வருகிறார். ஆக நாலரையிலிருந்து வீட்டில் நான்தான் அரசாங்கம். எதிர்க்கட்சியான பம்பரத்துக்கு ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. நீ போட்ட சட்டப்படி டேப்லெட் பீரோவுக்கு மேலே, என் ஃபோன் பூட்டிய பீரோவுக்குள்ளே. வீட்டுப்பாடம் முடிந்தால் அரை மணி நேரம் திரை, முடியாவிட்டால் தரை. அவளுக்கு ஏ.டி.எச்.டி., கவனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறு என்று டாக்டர் சொன்னார், சரி. என்னை ஒன்றும் சொல்லவில்லையே. என் ஃபோனை எதற்காக ஜெயிலில் போட்டாய்?

இன்றைய நிலவரம் கேள். ஆறு கழித்தல் கணக்கு. முதல் கணக்கில் பென்சில் முனை உடைந்தது. சீவப் போன பம்பரத்துக்கு ரப்பர் கிடைத்தது. ரப்பர் மிதக்குமா என்று பார்க்கச் சமையலறைக்குப் போனாள். அங்கே ஜன்னல் வழியாகப் பக்கத்துச் சுவரில் ஒரு பூனை தெரிந்தது. திரும்பி வந்தபோது ஒரு காலில் மட்டும் செருப்பு. பென்சில் எங்கே என்றேன். "எந்தப் பென்சில்?" என்றாள். நடிக்கவில்லை, நிஜமாகவே கேட்டாள். கவனமே இல்லை என்று எல்லாரும் அவளைச் சொல்கிறார்கள். அந்தப் பூனையை அவள் கவனித்த அளவுக்கு நான் எந்தப் பாடத்தையும் கவனித்ததில்லை.

ஆறு கணக்குக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். நான் கத்தினேன், அவள் கத்தினாள், மேல்வீட்டுக்காரர் எங்கள் தலைக்கு மேல் மூன்று தட்டுத் தட்டினார். என்ன செய்யட்டும், சொல்.

உதவாக்கரைப் பதவியிலிருந்து உயர்வு கோரும்,
வாலு


மார்ச் 3, செவ்வாய்

வாலுவுக்கு,

வண்டி நாளைக் காலை திரும்புகிறது. வேலை முடிந்து சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையில் இன்சுலேஷன் டேப்பின் பசை. தாள் ஒட்டிக்கொண்டிருந்தால் மெதுவாகப் பிரி.

டிரைவர் முன்னால் சொன்னது தப்பு. சொன்ன விஷயம் தப்பு என்று இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அப்பா கையெழுத்தில் நீயே விடுப்புக் கடிதம் எழுதிக் கொடுத்து இரண்டு நாள் ஊர் சுற்றினாயே, அதைத் தானே எழுதியதாக அப்பாவே நம்பினார். அந்தக் கடிதத்தைக் கண்டுபிடிக்க நான் பள்ளிக்கூடம் வரை வரவேண்டியிருந்தது.

இப்போது நான் சொல்வதைச் செய். ஆறு கணக்கையும் ஒரேயடியாக அவள் கண்ணில் காட்டாதே. தாளை மடித்து இரண்டு மட்டும் தெரிகிற மாதிரி வை. சமையலறை டைமரைப் பத்து நிமிஷத்துக்குத் திருப்பி வை. மணி அடித்ததும் மாடிப்படி ஏறி இறங்கிவிட்டு வரட்டும், பிறகு அடுத்த பத்து நிமிஷம். மூன்று பென்சிலை முன்கூட்டியே சீவி வை. மேசையில் வேறு ஒன்றும் இருக்கக்கூடாது. உட்கார முடியவில்லையென்றால் இஸ்திரி மேசையில் நின்றுகொண்டு எழுதட்டும். டேப்லெட்டை வெடுக்கென்று பிடுங்காதே, முடியப் போகிறது என்று இரண்டு தடவை முன்னால் சொல். எல்லாவற்றையும் விட முக்கியம், நீ பக்கத்தில் உட்கார்ந்து உன் பாடத்தைப் படி. ஓர் ஆள் பக்கத்தில் சும்மா இருந்தாலே அவளுக்குப் பாதி வேலை நடக்கும். கத்தாதே. நான் நாலு வருஷம் கத்திப் பார்த்துவிட்டேன்.

இது விளையாட்டில்லை. அரையாண்டுத் தேர்வில் கடைசி இரண்டு பக்கத்தை அவள் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. முழு ஆண்டிலும் அப்படியே ஆனால் மறுபடி நாலாம் வகுப்புதான், தோழிகளெல்லாம் மேலே போய்விடுவார்கள். அமைதியான தனி அறையும் அரை மணி கூடுதல் நேரமும் கொடுத்தால் எழுதிவிடுவாள் என்று டாக்டர் படிவம் கொடுத்திருக்கிறார். வகுப்பு டீச்சர் இந்த மாத வீட்டுப்பாட நோட்டைப் பார்த்துவிட்டுத்தான் அதில் கையெழுத்துப் போடுவார். இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

நோட்டில் தப்பு இருக்கட்டும், பாதியில் நிற்கட்டும். அவள் எழுதியதாக இருக்கட்டும்.

அம்மா


மார்ச் 9, திங்கள்

வெளிச்சத்தின் தாயாருக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. நின்றுகொண்டு படித்தால் விழுந்துவிடுவாய், சுரங்கத்தில் விழுந்தால் எழுப்புவது கஷ்டம்.

போன வியாழனிலிருந்து எல்லா வீட்டுப்பாடமும் முடிந்திருக்கிறது. கணக்கு, மொழி, சூழ்நிலையியல் எல்லாம். நோட்டில் மூன்று 'மிக நன்று', அதில் ஒன்றுக்கு நட்சத்திரம். நம்ப மாட்டாய் என்பதால் கணக்கு நோட்டிலிருந்து ஒரு பக்கத்தை இணைத்திருக்கிறேன். எட்டுக் கணக்கில் ஆறு சரி. எட்டும் சரியாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

எப்படி என்று கேட்காதே. மந்திரவாதி தொப்பிக்குள் எட்டிப் பார்க்க விடமாட்டான். மேல்வீட்டுக்காரர் தட்டுவதை நிறுத்திவிட்டார். இன்று படியில் பார்த்து, வீட்டில் யாருமில்லையா என்று விசாரித்தார். அவ்வளவு அமைதி.

பம்பரம் நலம். "அண்ணா, நீ ரொம்ப நல்லவனாயிட்ட" என்றாள். எனக்கே பயமாக இருக்கிறது.

பிறகு ஒன்று. டீச்சர் இன்று அவளை நோட்டு லீடர் ஆக்கியிருக்கிறார். வகுப்பு நோட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு போகிற வேலை. சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜ்கூட உண்டு. தூங்கும்போதும் கழற்ற மாட்டேன் என்கிறாள்.

வேறு விசேஷமில்லை. அதிகம் எழுத நேரமும் இல்லை.

வாலு


மார்ச் 10, செவ்வாய்

என் கண்ணுக்கு,

இரண்டு தடவை படித்தேன். பிறகு கூடத்தில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். துளைபோடும் இயந்திரம் ஓட்டுகிறவர் பெரிய ஆள், யாரோடும் பேசமாட்டார். அவர் எழுந்து வந்து அந்தக் கணக்குப் பக்கத்தை வாங்கிப் பார்த்தார். "என் பையனும் இப்படித்தாம்மா. இவ எழுதிட்டா அவனும் எழுதிடுவான்" என்றார். அந்தப் பக்கத்தைத் தட்டு வைக்கிற அலமாரிக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டோம்.

இப்போது சொல்கிறேன். வாசலில் நான் சொன்னது தப்பு, சொன்ன விஷயமும் தப்பு. உன்னை நான் சரியாகத் தெரிந்துவைத்திருக்கவில்லை.

நாலு வருஷமாக வளர்ப்புச் சரியில்லை என்று கேட்டுக் கேட்டு என் காது மரத்துப் போயிருந்தது. சொந்தத்தில் ஒருத்தர் பாக்கியில்லை. வேலைக்கு வந்த இடத்திலும் பிள்ளையை விட்டுவிட்டு வந்தவள் என்ற பெயர். இன்று ஒரு நாளாவது தலையை நிமிர்த்திக்கொண்டு சாப்பிட்டேன்.

ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். அந்தத் தனி அறை எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. "தனி ரூமு லூசுங்களுக்குத்தானாம்மா?" என்று அவள் கேட்டது உனக்கு நினைவிருக்கும். இப்படி எழுதுகிறவளைப் பிரித்து உட்கார வைப்பானேன்? விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன், எல்லாரோடும் எழுதட்டும் என்று டீச்சருக்கு ஒரு கடிதம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். இருபதாம் தேதிக்குள் நீயே டீச்சர் கையில் கொடு.

உன் ஃபோனைத் திரும்ப எடுத்துக்கொள். பீரோச் சாவி என் பழைய கைப்பையில் இருக்கிறது.

அம்மா


மார்ச் 16, திங்கள்

அம்மாவுக்கு,

இதில் ஜோக் இல்லை. எங்காவது இருந்தால் தவறி விழுந்தது.

பீரோச் சாவி இருக்கிற இடம் எனக்கு முதல் நாளே தெரியும்.

அந்த நோட்டை எழுதியது நான்.

நீ சொன்ன மாதிரி செய்யாமல் இல்லை. புதன்கிழமை உன் கடிதம் வந்த அன்றே தாளை மடித்தேன், டைமர் வைத்தேன், மூன்று பென்சில் சீவினேன். அன்று நாலு கணக்குப் போட்டாள். நாலும் அவளே போட்டது, அடித்து அடித்து எழுதியது. மறுநாள் முடியவில்லை. ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தும் ஒரு கணக்குத்தான். நான் இரண்டு வார்த்தை சொன்னேன், என்ன வார்த்தை என்று எழுத மாட்டேன். அவள் பென்சில் டப்பாவால் தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள். மூன்று தடவை. "என் மூளை மட்டும் ஏண்ணா கெட்டுப்போச்சு?" என்றாள்.

நோட்டை என் பக்கம் இழுத்தேன். மிச்சத்தை எழுதினேன். ஏழு நிமிஷம் ஆனது.

அவள் எழுதுகிற மாதிரியே எழுதினேன். அழுத்தி, கோட்டுக்கு மேலே ஏற்றி, ஐந்தைத் திருப்பிப் போட்டு. நாளுக்கு இரண்டு தப்பு வேண்டுமென்றே சேர்த்தேன். நான் எழுதும்போது அவள் குறுக்கே வராமலிருக்க டேப்லெட்டைக் கொடுத்தேன். பிறகு அது வழக்கமாகிவிட்டது. நாலரைக்குத் திரை, ஏழரை வரைக்கும் திரை. ஒரு வீடியோ முடிந்தால் அடுத்தது தானே ஓடுகிறது, அவளும் தானே ஓடுகிறாள். நானும் என் ஃபோனும் அந்தப் பக்கம். மேல்வீட்டுக்காரர் சொன்ன அமைதி அதுதான்.

ஒரு நாளைக்கு மட்டும் என்றுதான் நினைத்தேன். 'மிக நன்று' வந்தது. பேட்ஜ் வந்தது. பிறகு உன் கடிதம் வந்தது.

டீச்சருக்கு நீ எழுதியதை நான் இன்னும் கொடுக்கவில்லை. கொடுத்தால் அவள் அந்தப் பெரிய கூடத்தில் நூறு பேரோடு உட்காருவாள், ஜன்னலில் எது போனாலும் கூடவே போய்விடுவாள். கொடுக்காவிட்டாலும் அதே கதைதான். இப்படி எழுதுகிற பெண்ணுக்குக் கூடுதல் நேரம் எதற்கு என்று டீச்சர் சனிக்கிழமையே அப்பாவிடம் சிரித்துக்கொண்டே கேட்டாராம். அப்பாவும் சிரித்திருக்கிறார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நேற்று உன் கையெழுத்தில் வேறு ஒரு கடிதம் எழுதினேன். 'கூடுதல் நேரம் கட்டாயம் வேண்டும், வீட்டில் நான் உதவியதால்தான் நோட்டு இப்படி இருக்கிறது' என்று. நன்றாக வந்திருக்கிறது. உன் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், எனக்கே எது எதுவென்று ஒரு நிமிஷம் குழம்பிவிட்டது. இரண்டும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன.

வெள்ளிக்கிழமை கடைசி நாள். முகாம் ஃபோனுக்குக் கூப்பிட இரண்டு தடவை எண்ணை அழுத்தினேன். உன் குரலைக் கேட்டால் சொல்லியிருக்க மாட்டேன்.

நான்தான்


மார்ச் 17, செவ்வாய்

சுவரில் ஒட்டிய பக்கத்தை எடுக்கப் போனேன். எதற்கு என்று அந்த இயந்திரக்காரர் கேட்டார். சொன்னேன். அவர் தட்டைக் கழுவப் போய்விட்டார்.

அந்தப் பக்கத்தை அரை மணி நேரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஐந்து திரும்பியிருக்கிறது. ரப்பர் தேய்த்துத் தாள் கிழிந்த இடம்கூட அவள் கிழிப்பது மாதிரியே இருக்கிறது. பெற்றவளுக்கே தெரியவில்லை. உன் மேல் இருக்கிற கோபத்தில் பாதி என் மேல் திரும்புகிறது, அதனால் உனக்குக் குறைந்துவிட்டது என்று நினைக்காதே.

அவள் அழுததைப் பார்க்கமுடியாமல் செய்தாய், புரிகிறது. அது முதல் நாளுக்குச் சரி. மறுநாளிலிருந்து யாருக்காகச் செய்தாய்?

மூளை கெட்டுப்போச்சா என்று கேட்ட குழந்தைக்கு, ஆமாம், நீ தள்ளு, நான் எழுதுகிறேன் என்று பதில் சொல்லியிருக்கிறாய். தினமும், நோட்டுப் போட்டு.

டீச்சருக்கு வேறு கடிதம் எழுத உட்கார்ந்தேன். நாலு வரி எழுதிவிட்டு நிறுத்திவிட்டேன். இதை யார் நம்புவார்கள்? விடுப்புக் கடிதக் கதை நீங்கள் இரண்டு பேரும் படிக்கிற அந்தப் பள்ளி முழுக்கத் தெரியும். இனி என் பெயரில் போகிற எந்தக் காகிதமும் உன் காகிதம்தான். நான் உண்மையை எழுதினாலும் அதை நீ எழுதியதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். முகாம் ஃபோனில் டீச்சரிடம் பேசலாம். பேசமாட்டேன். அந்த நோட்டில் என் கை படவில்லை.

நீ போ. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகாதே, அவர் உனக்காகப் பேசிவிடுவார். இழுப்பறையில் இருக்கிற இரண்டு கடிதத்தையும் கிழித்துவிட்டுப் போ. வாயால் சொல்.

அதற்கு முன்னால் அவளிடம் சொல். அந்தப் பேட்ஜை அவள் நெஞ்சில் குத்தியவன் நீ. அதை வேறு யாரோ வந்து கழற்றுகிறபோதுதான் அவளுக்குத் தெரியவேண்டும் என்று வைக்காதே.

அறை விஷயத்தில் நானும் ஒன்றைப் புரிந்துகொண்டேன். தனி அறை வேண்டாம் என்று அவளுக்காக முடிவெடுத்ததாக எழுதினேன். எனக்காகத்தான் எடுத்தேன் போலிருக்கிறது.

அம்மா


மார்ச் 23, திங்கள்

அம்மாவுக்கு,

புதன்கிழமை மாலை அவளிடம் சொன்னேன். இஸ்திரி மேசைக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள், நானும் கீழே போய் உட்கார்ந்தேன். டீச்சரிடம் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றேன். முதலில் பேட்ஜைக் கையால் மூடிக்கொண்டாள்.

"சொல்லாதண்ணா. நான் நோட்டு லீடரு."

சொல்லித்தான் ஆகவேண்டும், இல்லாவிட்டால் தேர்வில் உனக்கு நேரம் கிடைக்காது என்றேன்.

"நீதான எழுதித் தரேன்னு இழுத்துக்கிட்ட. நானா கேட்டேன்?"

அவள் கேட்கவில்லை, அம்மா. யோசித்துப் பார்த்தேன், ஒரு நாள்கூட அவள் கேட்கவில்லை.

அன்றே டேப்லெட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். என் ஃபோனும் உள்ளேதான். அவள் வீறிட்டாள், டைமரைச் சுவரில் எறிந்தாள். டைமர் பிழைத்துக்கொண்டது, சுவருக்குத்தான் காயம். மேல்வீட்டுக்காரர் மறுபடி தட்ட ஆரம்பித்தார்.

வியாழன் காலை டீச்சரைப் பார்த்தேன். நின்றுகொண்டே சொன்னேன். அவர் நம்பவில்லை. கூடுதல் நேரம் வாங்குவதற்காக வீட்டில் எல்லாரும் சேர்ந்து கதை கட்டுகிறோம் என்று நினைத்தார். "தங்கச்சியைக் காப்பாத்த வந்தியா, மாட்டிவிட வந்தியா?" என்று கேட்டார். ஒரு தாள் கேட்டு வாங்கி, அவர் மேசையிலேயே பம்பரத்தின் எழுத்தில் நாலு வரி எழுதினேன். இதுவரை இந்த வித்தையைக் காட்டி யாரும் சிரிக்காமல் இருந்ததில்லை. டீச்சர் சிரிக்கவில்லை. நோட்டைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு பேனா மூடியைப் போட்டார்.

மதிய இடைவேளையில் அவளைக் கூப்பிட்டு நாலு கணக்குக் கொடுத்தார். நான் வெளியே பெஞ்சில். கதவு பாதி திறந்திருந்தது. இருபத்தைந்து நிமிஷத்தில் இரண்டு முடித்தாள், இரண்டும் சரி. மூன்றாவது பாதி. நாலாவதில் வந்த பூஜ்யத்துக்குக் கண்ணும் மீசையும் வரைந்திருந்தாள். மூன்று தடவை எழுந்து போனாள், மூன்று தடவையும் தானாகவே திரும்பி வந்தாள். டீச்சர் எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

பிறகு என் பக்கங்கள் எல்லாவற்றிலும் குறுக்கே சிவப்புக் கோடு போட்டார். அவள் எதிரிலேயே. ஒவ்வொரு கோட்டுக்கும் அவள் கண் இமைத்தது. பேட்ஜை யாரும் கேட்கவில்லை. அவளே கழற்றி, ஊசியை மூடி, மேசை ஓரத்தில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள். என்னைத் தாண்டித்தான் போனாள், திரும்பிப் பார்க்கவில்லை.

படிவம் வெள்ளிக்கிழமை தலைமை ஆசிரியரிடம் போய்விட்டது. டீச்சர் கையெழுத்தோடு, அவர் குறித்த தாளும் சேர்த்து. கூடுதல் அரை மணி கிடைத்துவிட்டது. தனி அறை காலியில்லையாம், நூலகத்து மூலையில் ஒரு மேசை. ஜன்னலுக்கு முதுகு காட்டிப் போடச் சொல்லியிருக்கிறேன், டீச்சர் எழுதிக்கொண்டார். எனக்கு மூன்று நாள் வகுப்புக்கு வரக்கூடாது என்று தண்டனை. அப்பாவுக்கும் சொல்லிவிட்டேன். அவர் இரண்டு நாளாக என்னை பஸ்ஸில் ஏறிய யாரோ ஒரு பயணியைப் பார்ப்பது மாதிரி பார்க்கிறார்.

வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு, பம்பரம் என்னோடு பேசவில்லை. இஸ்திரி மேசையை நான் இருக்கிற பக்கத்துக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டு அவளே எழுதினாள். வெள்ளிக்கிழமை மூன்று கணக்கு. சனிக்கிழமை ஒன்றுமில்லை, அழுகை மட்டும். பக்கத்தில் போகட்டுமா என்று கேட்டேன், காதைப் பொத்திக்கொண்டாள்.

இன்று மாலை நோட்டைத் தூக்கிக்கொண்டு நான் படிக்கிற மேசைக்கே வந்தாள். தாளை அவளே மடித்தாள்.

"உக்காரு" என்றாள். உட்கார்ந்தேன். "கையைக் கட்டிக்கோ."

கட்டிக்கொண்டேன். சும்மா கட்டினால் போதாது, விரல் தெரியக்கூடாது என்றாள். கக்கத்துக்குள் இரண்டு கையையும் செருகிக்கொண்டு ஒரு மணி பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். பத்தில் ஏழு போட்டாள். ஆறாவதில் அவள் சிக்கிக்கொண்டபோது எனக்கு விடை தெரியும், சொல்லவில்லை. ஏழாவதில் எனக்கு மூக்கு அரித்தது. ஒரு நிமிஷம் கையை எடுக்கட்டுமா என்று கேட்டேன்.

தலையைத் தூக்காமலே, "இரு, இந்தக் கணக்கை முடிச்சுக்கிறேன்" என்றாள்.

முடித்துவிட்டுத்தான் விட்டாள், அம்மா.

வாலு